திறந்த சாஸ் சீசாவை எங்கே வைப்பது? கெட்சப், மயோனைஸ், ஜாம்: எது எவ்வளவு நாள் தாங்கும்?

தேன்மொழி:

வணக்கம். கெட்சப், மயோனைஸ், மஸ்டர்ட், சோயா சாஸ், சில்லி சாஸ், பாஸ்தா சாஸ், ஸ்ட்ராபெரி ஜாம், எண்ணெயில் ஊறிய பூண்டு எல்லாமே திறந்தாச்சு. எந்த லேபிளைப் பார்த்தாலும் "திறந்தபின் குளிரில் வைக்கவும்" என்றுதான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் இனி இடமில்லை. எதை வெளியே விடலாம், எதை விடவே கூடாது?

கூடவே இன்னும் சில சந்தேகங்கள். ஜாம் மேலே காசு அளவுக்கு வெள்ளைப் பூஞ்சை இருக்கிறது. அதை மட்டும் வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? சோயா சாஸில் பொடிப்பொடியாக வெள்ளை ஏடு மிதக்கிறது, அது என்ன? அப்புறம், கெட்சப்பை வீட்டிலேயே செய்து அடைத்து வைக்க ஆசை. ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். கெடாமல் இருக்க எந்த அளவில் கைவைக்கக் கூடாது?

லேபிள்வாசகர்:

அந்த ஒரு வரியை எல்லா சீசாவிலும் போட்டுவிடுகிறார்கள், ஆனால் காரணம் ஒன்றல்ல. சிலவற்றுக்கு அது உடம்புக்கு ஆபத்து வராமல் இருக்க, மற்றவற்றுக்கு ருசியும் நிறமும் போகாமல் இருக்க. எது எந்த வகை என்று தெரிய, பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும். புளிப்பு, உப்பு, சர்க்கரை இந்த மூன்றில் எது காவல் நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றாவது பலமாக இருந்தால் திறந்த பிறகும் காவல் தொடரும். மூன்றும் சுமார்தான் என்றால், அதைக் காத்தது தொழிற்சாலையில் கொடுத்த சூடும் காற்றுப் புகாத மூடியும் மட்டுமே. மூடியைத் திருகிய அந்த நொடியோடு அந்தக் காவல் முடிந்தது.

பாஸ்தா சாஸ் இந்தக் கடைசி வகை. தக்காளியின் புளிப்பு கொஞ்சம் உண்டு, உப்பும் சர்க்கரையும் பூஞ்சையைத் தடுக்கிற அளவுக்குக் கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சுமார் 5 நாள்தான். அதற்குள் தீராது என்று தோன்றினால் திறந்த அன்றே பாதியைச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் தள்ளுங்கள். கண்ணாடிக் குடுவையோடு உறைய வைத்தால் விரிந்து உடையும்.

சோயா சாஸ் நேர் எதிர். 100-க்கு 16 பங்கு அளவுக்கு உப்பு இருக்கும். சாதாரணக் கிருமி அதில் பிழைக்காது. காற்றுப் பட்டு நிறம் கறுத்து, மணம் மங்கும், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் தீர்கிற சின்ன சீசா என்றால் வெயில் படாத அலமாரி போதும். மாதக்கணக்கில் கிடக்கும் என்றால் ஃப்ரிட்ஜ். "உப்பு குறைத்தது" என்று போட்டிருந்தால் யோசிக்காமல் ஃப்ரிட்ஜ். நீங்கள் பார்த்த வெள்ளை ஏடு உப்பைத் தாங்கி வளரும் ஒருவகை ஈஸ்ட். விஷம் என்று பயப்பட வேண்டாம், ஆனால் மணத்தையும் ருசியையும் அது கெடுத்துவிட்டிருக்கும். கொட்டிவிடுங்கள். மீன் சாஸ் இதைவிடக் கரிப்பு. அடியில் கண்ணாடித்தூள் போலப் படிவது உப்புப் படிகம், சீசா உடைந்ததல்ல.

சில்லி சாஸ் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. டபாஸ்கோ போல வினிகர், மிளகாய், உப்பு மூன்றே சேர்ந்த தண்ணீரான வகை வெளியே தாராளமாக நிற்கும், நிறம்தான் பழுப்பேறும். சர்க்கரையும் பூண்டும் அரைத்துச் சேர்த்த கெட்டியான வகையைக் கொஞ்ச நாள் வெளியே வைக்கலாம், ஃப்ரிட்ஜில் நிறம் நிற்கும். மாம்பழம், அன்னாசி என்று பழக்கூழ் சேர்ந்தது ஃப்ரிட்ஜுக்கு.

கெட்சப் நல்ல புளிப்பு, சர்க்கரையும் தாராளம். வெளியே ஒரு மாதம், ஃப்ரிட்ஜில் ஆறு மாதம் என்பது பொதுக் கணக்கு. மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் கெட்டதல்ல, கூழில் இருந்து நீர் கசிவது. மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்குங்கள். குலுக்கினால் இளகி ஓடுவதும் விட்டால் மறுபடி கெட்டியாவதும் கெட்சப்பின் குணம். சீசாவின் அடியில் தட்டுவதைவிட, மூடியோடு குலுக்கிவிட்டுக் கவிழ்த்தால் வேலை சுலபம்.

மஸ்டர்ட் வெளியே இருந்தாலும் கெடாது, காரம்தான் போய்விடும். கடுகின் நெடி ஆவியாகிற பொருள். ஒரு மாதத்துக்கு மேல் ஓடும் சீசா என்றால் உள்ளே வையுங்கள்.

மயோனைஸ் கண்டிப்பாக ஃப்ரிட்ஜ், திறந்து இரண்டு மாதம். கடையில் வாங்குவதில் முட்டையைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கியிருப்பார்கள், வினிகரும் இருக்கும். அதனால் பலர் நினைக்கிற அளவுக்கு அது ஆபத்தானதல்ல. ஆபத்து வருவது, சிக்கனோ உருளைக்கிழங்கோ தொட்ட கரண்டியை மறுபடி உள்ளே விடும்போது. வீட்டில் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் வேறு கதை, அதை மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். எதுவானாலும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து இளகும்போது எண்ணெய் தனியே பிரிந்துவிடும், திரும்ப அடித்தாலும் பழைய பதம் வராது.

இன்னொன்று: ஃப்ரிட்ஜ் கதவுதான் உள்ளேயே சூடான இடம், திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும். எல்லோரும் மயோனைஸைக் கதவில் வைத்து, கெட்சப்பை உள்தட்டில் வைக்கிறார்கள். மாற்றி வையுங்கள். உங்கள் பட்டியலில் சோயா சாஸ், வினிகர் வகைச் சில்லி சாஸ், சீக்கிரம் தீரும் கெட்சப் மூன்றும் வெளியே வந்தாலே இடம் கிடைத்துவிடும்.

கண்ணாடிக்குடுவை:

மேலே உள்ளவர் பூண்டை விட்டுவிட்டார். இந்தப் பட்டியலிலேயே உயிருக்கு ஆபத்தானது அது ஒன்றுதான்.

மண்ணுக்குள் விளைவதால் பூண்டில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து ஒட்டியிருக்கலாம். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் கிடைத்தால் அது முளைத்து நஞ்சு சுரக்கும். எண்ணெய் காற்றை மறைத்துவிடுகிறது, பூண்டில் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. மூன்றும் பொருந்திவிட்டது. வாடையோ நிறமோ மாறாது, அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டால் 36 பேருக்கு பொட்டுலிசம், அதாவது இந்த நஞ்சால் வரும் நோய், வந்தது. குளிரில் வைக்க வேண்டிய அந்தக் குடுவைகள் வெளியே இருந்தன.

கடையில் வாங்கியது என்றால் சேர்மானத்தில் சிட்ரிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் ஃப்ரிட்ஜ்தான். வீட்டில் செய்தது என்றால் ஃப்ரிட்ஜில் 4 நாள், அதற்கு மேல் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். வெளியே ஓரிரு நாள் கிடந்திருந்தால் ருசி பார்க்காமல் கொட்டுங்கள். எண்ணெயில் போட்ட பச்சை மூலிகைக்கும் வீட்டில் அரைத்த பெஸ்டோவுக்கும் (துளசி வகை இலையை எண்ணெயோடு அரைத்த சாஸ்) இதே விதிதான். பெஸ்டோ மேல் எண்ணெய் ஊற்றி மூடுவது பச்சை நிறம் கறுக்காமல் இருக்க மட்டுமே உதவும், பாதுகாப்புக்கு அல்ல.

ராஜா கே:

ஜாம் பூஞ்சைக்கு இவ்வளவு பதற வேண்டாம். ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரை, பூஞ்சை ஆழமாக இறங்காது. ஒரு அங்குலம் சுற்றி வழித்தெடுத்தால் போதும்.

பெக்டின் பைத்தியம்:

ராஜா சார், அந்தக் கணக்கு கெட்டியான சீஸுக்குச் சரி, ஜாமுக்குச் சரிவராது. ஜாம் இளகிய பொருள். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை மேற்பரப்பு மட்டுமே, வேர் இழைகள் கீழே எவ்வளவு போயிருக்கின்றன என்று தெரியாது. சில பூஞ்சைகள் சுரக்கும் நஞ்சு இழை போகாத இடத்துக்கும் பரவும், கொதிக்க வைத்தாலும் போகாது. முழுக் குடுவையையும் தூக்கிப் போடுவதுதான் சரி.

ஏன் வந்தது என்று பார்த்தால்தான் அடுத்த குடுவை தப்பும். முழுச் சர்க்கரை போட்ட ஜாமில் கரைபொருள் 100-க்கு 65 பங்கு இருக்கும். அந்த அடர்த்தியில் பெரும்பாலான பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. ஆனால் மூடியின் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். ஜாம் வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடினால் ஆவி அங்கே குளிர்ந்து, துளித்துளியாக ஜாம் மேல் சொட்டும். அந்தத் துளி விழுந்த வட்டத்தில் மட்டும் சர்க்கரை நீர்த்துப்போகும், பூஞ்சை அங்கேதான் முதலில் உட்காரும். கடை ஜாமிலும் இதேதான்: வெளியே ஒரு மணி நேரம் கிடந்து திரும்பக் குளிருக்குள் போனால் வியர்க்கும். ரொட்டித் துகள் ஒட்டிய கத்தி இன்னொரு காரணம். "சர்க்கரை குறைத்தது" என்று போட்ட ஜாம் என்றால் திறந்த நாளிலிருந்து ஃப்ரிட்ஜ்தான், சில வாரங்களில் தீர்த்துவிட வேண்டும்.

தேன்மொழி:

நன்றி, பூண்டும் ஜாமும் குப்பைக்குப் போயாச்சு. ஜாமையே வீட்டில் செய்தால்? ஸ்ட்ராபெரி ஜாம் பாகு மாதிரி ஓடுகிறது என்று பலரும் சொல்கிறார்களே, ஏன்?

பெக்டின் பைத்தியம்:

ஜாம் உறைய மூன்று பேர் சேர வேண்டும்: பெக்டின் (பழத்திலேயே இருக்கும், கெட்டியாக்கும் பொருள்), புளிப்பு, சர்க்கரை. ஸ்ட்ராபெரியில் சர்க்கரை நாம் போடுவது, பெக்டினும் புளிப்பும் அதில் இயல்பாகவே குறைவு. அதனால்தான் ஓடுகிறது. 1 கிலோ பழத்துக்கு 800 கிராம் முதல் 1 கிலோ வரை சர்க்கரை, 60 மில்லி எலுமிச்சைச் சாறு. பழத்தில் நாலில் ஒரு பங்கு சற்றே காயானதாக இருக்கட்டும், பெக்டின் அதில்தான் அதிகம். நன்றாகக் கனிந்து குழைந்த பழம் மணம் தரும், உறையாது.

சர்க்கரையில் பழத்தைப் பிசறி சில மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு அகலமான பாத்திரத்தில் முதலில் மெதுவாகச் சூடாக்கி, சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகே தீயைக் கூட்டுங்கள். கரையாமல் கொதித்தால் பின்னால் குடுவையில் கற்கண்டு போலப் பூத்துவிடும். அதன்பின் வேகமான கொதி. தெர்மாமீட்டர் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ் காட்டினால் பதம். இது கடல்மட்டக் கணக்கு. மலைப்பகுதியில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும், சுமார் 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும். அதனால் உங்கள் இடத்தில் தண்ணீர் எந்த அளவில் கொதிக்கிறதோ அதற்கு மேல் 4 அல்லது 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். சோதிக்கும் நேரத்தில் அடுப்பை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அதற்குள் பதம் தாண்டிவிடும்.

இறக்கியதும் ஓடுகிறதே என்று மறுபடி அடுப்பில் ஏற்றுவது எல்லோரும் செய்கிற தவறு. சூட்டில் ஓடத்தான் செய்யும், ஒரு நாள் ஆறவிட்டுப் பாருங்கள். அப்போதும் உறையவில்லையா? 1 லிட்டர் ஜாமுக்கு 2 மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து மறுபடி அதே பதத்துக்குக் கொதிக்க விடுங்கள். ஆனால் மெல்லிய தீயில் நெடுநேரம் வைத்தால் பெக்டினே சிதைந்துபோகும். பிறகு வருவது பிசுபிசுத்த பாகு, ஜாம் அல்ல, அதைத் திருப்பவும் முடியாது. ஒரே தடவையில் இரட்டிப்பு அளவு செய்யாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்: அளவு கூடினால் பதம் வர நேரம் கூடும்.

பழம் எல்லாம் மேலே மிதந்து, கீழே வெறும் ஜெல்லி நிற்கிறதென்றால் இறக்கியவுடன் ஊற்றிவிட்டீர்கள் என்று பொருள். ஐந்து நிமிடம் விட்டு, மெதுவாக ஒருமுறை கிளறி ஊற்றுங்கள். அதற்கு மேல் ஆறவிடாதீர்கள். குடுவை விளிம்பிலிருந்து 6 மில்லிமீட்டர் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து, உடனே மூடி, கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் வையுங்கள். குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும் என்ற பழைய முறையை நம்ப வேண்டாம். மூடி ஒட்டினாலும் பிடிப்பு பலவீனமாக இருக்கும்.

அடுப்படி:

கெட்சப் கேள்விக்கு வருகிறேன். தொடக்கூடாதது வினிகர் அளவு. அமில அளவைச் சொல்லும் பிஹெச் எண் 4.6-க்குக் கீழே இருந்தால் மேலே சொன்ன பொட்டுலினம் முளைக்காது, எண் குறையக் குறைய புளிப்பு கூடுதல். தக்காளி இந்தக் கோட்டின் மேலேயே நிற்கிற காய்: ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து 4.3 முதல் 4.9 வரை போகும். நாக்குக்குப் புளிக்கிறது என்பது சாட்சியாகாது, இனிப்பு அதை மறைத்தும் விடும். பொட்டுலினத்தின் வித்து 100 டிகிரி கொதியில் சாகாது, அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும். வீட்டில் சாதாரணப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து அடைப்பவருக்கு அமிலம் ஒன்றுதான் காப்பு.

சுமார் 1 லிட்டர் கெட்சப்புக்கு: தக்காளி 3.5 கிலோ, வெங்காயம் 150 கிராம், 5 சதவீத வினிகர் 240 மில்லி, சர்க்கரை 100 கிராம், உப்பு 25 கிராம், கிராம்பு, பட்டை, மிளகு, காய்ந்த மிளகாய் துணியில் முடிந்தது. வினிகர் சீசாவில் 5 சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும், 4 என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. சர்க்கரையைக் கூட்டலாம், மசாலாவை மாற்றலாம். வினிகரைக் குறைக்கக் கூடாது, வெங்காயமும் பூண்டும் கூட்டக் கூடாது, அவை புளிப்பைத் தணிக்கும்.

தக்காளியும் வெங்காயமும் மூடி போட்டு 20 நிமிடம் வேகட்டும். அதே நேரம் மசாலா முடிச்சை வினிகரில் ஒரு கொதி விட்டு மூடி வையுங்கள். முடிச்சை எடுத்துவிட்டு வினிகரைத் தக்காளியில் ஊற்றி, அரை மணி நேரம் கொதித்ததும் தோலும் விதையும் போக வடிகட்டுங்கள். பிறகுதான் சர்க்கரையும் உப்பும். முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும். அலுமினியமும் இரும்பும் வேண்டாம், எவர்சில்வர் அகலப் பாத்திரம். பாதியாகச் சுண்டியபின் ஒரு துளியைத் தட்டில் விடுங்கள். துளியைச் சுற்றித் தண்ணீர் வளையம் கசிந்தால் இன்னும் சுண்ட வேண்டும். வளையமில்லாமல் மேடாக நின்றால் சரி. கடைசி அரை மணி நேரம் கரண்டியை விடாதீர்கள். சோளமாவு கரைத்து ஊற்றிக் குறுக்குவழி தேடவும் வேண்டாம். மாவு சேர்ந்த கூழின் நடுவே சூடு ஒழுங்காகப் போகாது. கெட்டி வேண்டுமென்றால் திறந்து பயன்படுத்தும்போது சேர்க்கலாம்.

குறுகிய வாய் சீசாவை விட அகல வாய்க் குடுவை நல்லது. விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் விட்டு நிரப்பி, புது மூடி போட்டு, மூடிக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்கக் கொதிநீரில் 15 நிமிடம் வையுங்கள். அரை லிட்டர் குடுவைக்கான நேரம் இது. 300 முதல் 1800 மீட்டர் வரை உயரமான ஊரில் 20, அதற்கும் மேலே 25. சூடான சாஸ் சூடான குடுவையில்தான் ஊற்ற வேண்டும், அடியில் ஒரு கம்பித் தட்டு இருக்கட்டும், இல்லையென்றால் கீறல் விடும். எடுத்து ஒரு நாள் ஆறியபின் மூடியின் நடுவை அழுத்துங்கள். 'டிக்'கென்று உள்ளே போய்த் திரும்பினால் பிடிக்கவில்லை, அந்தக் குடுவை ஃப்ரிட்ஜுக்கு. குழிந்து அசையாமல் இருந்தால் அலமாரிக்கு.

வினிகர் இல்லாத வெறும் தக்காளிச் சாஸ் அடைப்பதானால் அரை லிட்டருக்கு 1 மேஜைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு அல்லது கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், கொதிநீரில் 35 நிமிடம். இங்கே பாட்டில் சாறு என்று சொல்வது, அதன் புளிப்பு ஒரே அளவாக இருக்கும் என்பதால். ஒவ்வொரு எலுமிச்சைக்கும் புளிப்பு வேறுபடும்.

தேன்மொழி:

பிஹெச் தாள் வாங்கிச் சோதித்துவிட்டால் போதாதா? கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளைச் சேர்க்கச் சொல்கிறார்களே, அது தேவையா?

அடுப்படி:

சிவப்புச் சாஸில் தாளை முக்கினால் தாளே சிவந்துவிடும், எந்த நிறத்தோடு ஒப்பிடுவது? மீட்டர் வாங்குவதாக இருந்தால் பிஹெச் 4, பிஹெச் 7 என்று அளவு தெரிந்த தரக் கரைசல்களில் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும், சாஸும் ஆறியிருக்க வேண்டும். அதற்குப் பதில் சோதித்துப் பார்த்த அளவை மாற்றாமல் செய்வது எளிது.

பென்சோயேட் தேவையில்லை. அமெரிக்காவில் 1906-ல் தூய உணவுச் சட்டம் வந்த காலத்திலேயே இதற்குப் பெரிய சண்டை நடந்தது. பென்சோயேட் இல்லாமல் கெட்சப் நிற்காது என்று பலர் வாதாடியபோது ஹைன்ஸ் நிறுவனம் நன்கு பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை என்று மாற்றி அது இல்லாமலே விற்றது. மேலே சொன்ன முறையிலும் அமிலமும் கொதிநீரும் அந்த வேலையைச் செய்துவிடும். மேலும் பென்சோயேட் புளிப்பான சாஸில்தான் வேலை செய்யும், புளிப்புக் குறைவை அது ஈடுகட்டாது. பல நாடுகளில் கிலோவுக்கு 1 கிராம்தான் உச்ச வரம்பு, சமையலறைத் தராசு அந்த அளவை நம்பும்படி காட்டாது.

லேபிள்வாசகர்:

ஒன்று விட்டுப்போச்சு. திறக்காத குடுவையின் மூடி மேல்நோக்கி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சாஸ் பீறிட்டு வந்தாலோ ருசி பார்க்க வேண்டாம், அப்படியே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். விதிவிலக்கு, சூடுபடுத்தாமல் நொதிக்க விட்ட சில்லி சாஸ் வகை. அதில் வாயு வருவது இயல்பு, லேபிளிலேயே எழுதியிருப்பார்கள். எழுதாத சீசா உப்பினால் அதுவும் குப்பைக்கே. வினிகர் ஊறுபொருளில் பூண்டுப் பல் நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் மட்டும் பயப்படாதீர்கள், அமிலம் பட்டால் பூண்டு அப்படி மாறும், சாப்பிடலாம்.